கிராமத்து அறக்கட்டளை ஆஸ்பத்திரிக்கு ஊர்ப் பணம்: மெஷின் வாங்கித் தருவதா, மாதாமாதம் கொடுப்பதா?

ஏரிக்கரையான்:

வணக்கம் நண்பர்களே. ஒரு பஞ்சாயத்து, தீர்த்து வையுங்கள்.

எங்கள் ஊர் மலையடிவாரம். பக்கத்தில் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரி இருக்கிறது. பெயர் வேண்டாம், அவர்களைக் கேட்காமல் பொதுவில் போடுவது சரியில்லை. முப்பது படுக்கை. பிரசவம், சின்ன ஆபரேஷன், பாம்புக்கடி, சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்ப்பார்கள். எங்கள் வயதுக்காரர்களில் பாதிப் பேர் பிறந்ததே அங்கேதான். சென்னை, திருப்பூர், சிங்கப்பூர், துபாய் என்று சிதறிக் கிடக்கும் ஊர்க்காரர்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. பொங்கலுக்கு ஊரில் கூடியபோது, ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்யலாம் என்று பேச்சு வந்து வசூலில் இறங்கினோம். ஆறு லட்சம் சேர்ந்தது. சேரும்வரை ஒற்றுமை, சேர்ந்த பிறகு ரகளை.

ஒரு கோஷ்டி ஸ்கேன் மெஷின் வாங்கித் தரலாம் என்கிறது. இன்னொரு கோஷ்டிக்கு ஆம்புலன்ஸ், பக்கவாட்டில் ஊர்ப் பெயரோடு. பேங்கில் டெபாசிட் போட்டு வட்டியைக் கொடுக்கலாம் என்கிறார் ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர். ஆஸ்பத்திரி மேனேஜரிடமே கேட்டேன். தயங்கித் தயங்கி, "மாசாமாசம் கொஞ்சம் வந்தா சம்பளத்துக்கு உதவியா இருக்கும் சார்" என்றார். அதைக் குழுவில் போட்டதும் ஆளாளுக்குக் கொதித்துவிட்டார்கள். "சம்பளம் கொடுக்கவா வசூல் பண்ணினோம்?" என்று ஒரே கேள்வி.

உள்ளே இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

லாரிப்பட்டறை:

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். எதற்கு இந்த நன்கொடை? அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, 2008லிருந்து 108 வண்டி ஓடுகிறது, காப்பீட்டு அட்டை இருக்கிறது. வரி கட்டுகிறோம் அல்லவா? அந்த ஆறு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ராத்திரி டாக்டர் போடு" என்று கலெக்டர் ஆபீஸ் முன்னால் உட்காருங்கள். நாம் கொடுக்கக் கொடுக்க அரசாங்கம் கையைக் கழுவும்.

அரூர் பஸ்:

@லாரிப்பட்டறை, நீங்கள் சொல்வதில் பாதி சரி. உட்கார வேண்டியதுதான். ஆனால் உத்தரவு வரும்வரை பிரசவ வலி காத்திருக்காது அண்ணே.

நான் தர்மபுரி மாவட்டம். எங்கள் பக்கம் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. மலையாளிப் பழங்குடிகளும் லம்பாடிகளும் இருக்கிற இடம். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்று இரண்டு டாக்டர்கள், கணவன் மனைவி, 1993இல் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். அப்போது ஆயிரம் குழந்தை பிறந்தால் அதில் 147 குழந்தை ஒரு வயதைத் தாண்டாது. ஆஸ்பத்திரி என்றால் 48 கிலோமீட்டர் தள்ளி அரூருக்குப் போக வேண்டும். பெரிய ஆபரேஷன் என்றால் சேலமோ தர்மபுரியோ.

முதல் ஆஸ்பத்திரி ஒரு குடிசை. ஊர்க்காரர்கள் கட்டிக் கொடுத்தது. செலவுக்கு நண்பர்களிடம் கை நீட்டினார்கள். அந்த நண்பர்கள் கொடுத்ததுதான் முதல் நன்கொடை, அதில் கல்வெட்டு வைக்க இடமும் இல்லை. அந்தப் பணத்தை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான் விஷயம். உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நர்ஸ் வேலைக்கு ஒரு அணி. ஊர் ஊராகப் போய் கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் பார்த்து, எடை போட்டு, வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் கொடுக்கச் சொல்லித் தர இன்னொரு அணி. குழந்தைச் சாவு எண்ணிக்கை பின்னால் இருபதுகளுக்கு இறங்கியது. அதை இறக்கியது மெஷின் இல்லை, வீடு வீடாக நடந்த கால்கள். அந்தக் கால்களுக்குக் கூலி கொடுத்தது நன்கொடை.

ஏரிக்கரையான் குழுவில் "சம்பளம் கொடுக்கவா" என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

லாரிப்பட்டறை:

சரி, 1993இல் அப்படி. இப்போது ரோடு வந்துவிட்டது. ஆளுக்கு ஐந்து லட்சம் காப்பீடு வந்துவிட்டது.

பேரேடு:

ஆளுக்கு இல்லை சார், குடும்பத்துக்கு, வருடத்துக்கு. அதுவும் யாருக்கு, எதற்கு என்று இருக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருமான வரம்பு உண்டு. படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்குத்தான் அது, பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த தொகை. காய்ச்சலுக்கு வந்து மாத்திரை வாங்கிப் போகிறவர், மாதாமாதம் சர்க்கரை மாத்திரைக்கு வருகிறவர், கட்டுப் போட்டுக்கொண்டு போகிறவர், இவர்களுக்கு அது இல்லை. கிராமத்து ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் இந்த ரகம்தான். தவிர, அந்தத் திட்டத்தில் ஆஸ்பத்திரி சேர்வதற்கே படுக்கை, ஆபரேஷன் தியேட்டர், டாக்டர் எண்ணிக்கை என்று நிபந்தனைகள். சேர்ந்தாலும் பணம் வந்து சேரும்வரை மருந்துக் கடைக்காரர் காத்திருக்க மாட்டார்.

நான் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் கணக்கு எழுதுகிறவன். எங்கே, எந்த ஊர் என்று கேட்க வேண்டாம். இந்த மாதிரி இடங்களில் பணம் எப்படி ஓடுகிறது என்று சொல்கிறேன், ஏரிக்கரையான் தம்பிக்கு உதவும்.

உள்ளே வருவது மூன்று வழி. நோயாளி கட்டும் கட்டணம், காப்பீடு, நன்கொடை. வெளியே போவதில் முதல் இடம் சம்பளம், ரொம்பத் தள்ளி இரண்டாவது இடம் மருந்து. அப்புறம் யாருமே யோசிக்காத சில்லறைகள் வரிசையாக வரும். கரண்ட் போனால் ஓடும் ஜெனரேட்டருக்கு டீசல். ரத்தம் பட்ட பஞ்சையும் ஊசியையும் எடுத்துப் போகும் கழிவு நிறுவனத்துக்குப் படுக்கைக் கணக்கில் மாதப் பணம், 2016 விதிகள் வந்த பிறகு இதில் தப்பிக்கவே முடியாது. ஆக்ஸிஜன் சிலிண்டர். வாஷிங். தீயணைப்புச் சான்று புதுப்பிப்பது. லிஃப்ட் இருந்தால் அதற்கு ஒரு கான்ட்ராக்ட்.

கட்டணத்தை வேண்டுமென்றே குறைவாக வைத்திருக்கிறோம். அதையும் கட்ட முடியாதவர்களுக்கு டாக்டர் சீட்டில் ஒரு கோடு போட்டுக் கையெழுத்துப் போடுவார், நாங்கள் தள்ளுபடிக் கணக்கில் ஏற்றுவோம். அந்தத் தள்ளுபடிக் கணக்குதான் ஆஸ்பத்திரியின் உயிர். வருடக் கடைசியில் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் எழுத ஏதாவது வேண்டும். அங்கேதான் நிபந்தனை இல்லாத நன்கொடை வந்து உட்காரும். ஸ்கேன் மெஷின் கொடுத்தால் அது சொத்துப் பட்டியலில் போய் உட்காரும், தள்ளுபடிப் பக்கம் அப்படியே காலியாகக் கிடக்கும். பெரிய கம்பெனிகள் சமூக நலனுக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணமும் இப்படித்தான். 2013 கம்பெனிச் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதம் செலவழித்தாக வேண்டும், கொடுக்கிறார்கள், சந்தோஷம். ஆனால் பொருளாகத்தான் கொடுக்க விரும்புவார்கள். படம் எடுக்கலாம் பாருங்கள். இரவு ட்யூட்டி நர்சின் சம்பளத்தை எப்படிப் படம் எடுப்பது?

வாத்தியாரின் டெபாசிட் யோசனைக்கும் ஒரு கணக்கு. ஆறு லட்சத்துக்கு ஏழு சதவீதம் என்றால் வருடம் 42,000. மாதம் 3,500. எந்த நர்சும் அதற்கு வேலைக்கு வரமாட்டார். உங்கள் குழுவில் அறுபது பேர் மாதம் ஐந்நூறு கொடுத்தால் மாதம் 30,000, வருடத்துக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம். கணக்கு அவ்வளவுதான்.

ஸ்பேனர்:

மெஷின் கோஷ்டிக்கு நான் இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். மருத்துவக் கருவிகள் சர்வீஸ்தான் என் தொழில்.

எந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ஸ்டோர் ரூமில் பெட்ஷீட் போர்த்திய மெஷின் ஒன்று இருக்கும். பெட்ஷீட்டைத் தூக்கினால் பக்கவாட்டில் பித்தளைத் தகடு, கொடுத்தவர் பெயர், தேதி. தகடு மட்டும் பளபளக்கும். ஒரு முறை ரத்தம் சோதிக்கும் லேப் அனலைசர் ஒன்றைப் பார்த்தேன், பெட்டியிலிருந்து பாதிதான் வெளியே எடுத்திருந்தார்கள். அந்த மெஷின் அந்தக் கம்பெனி ரீஏஜென்டை, அதாவது டெஸ்டுக்கு ஊற்றும் ரசாயனத்தைத் தவிர வேறு எதையும் ஏற்காது. ஒரு டெஸ்டுக்கு ஆகும் ரீஏஜென்ட் செலவு, அந்த ஆஸ்பத்திரி நோயாளியிடம் வாங்கும் கட்டணத்தைவிட அதிகம். மெஷின் இலவசம், ஓட்டினால் நஷ்டம்.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. 2011இல் பெர்ரி, மால்கின் என்ற இருவர் 16 நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் எடுத்த கருவிப் பட்டியல்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கருவிகளில் சுமார் 38 சதவீதம் வேலை செய்யவில்லை. உதிரிப் பாகம் கிடைக்காதது, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாதது. காரணம் எல்லாம் எங்களுக்குப் பழகியதுதான்.

ஸ்கேனில் இன்னொரு வில்லங்கம். அல்ட்ராசவுண்ட் மெஷினை யாரும் வாங்கி யாருக்கும் பரிசாகக் கொடுத்துவிட முடியாது. கருவில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி ஆஸ்பத்திரி பதிவு செய்திருக்க வேண்டும், மெஷின் பதிவேட்டில் ஏற வேண்டும், ஸ்கேன் பார்ப்பவருக்குத் தகுதி வேண்டும். பதிவு இல்லாத இடத்துக்கு மெஷின் கொடுப்பதே குற்றம். எக்ஸ்ரே என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். துபாய் நண்பர் யாராவது "இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் பழைய மெஷின் சும்மா தருகிறார்கள், கன்டெய்னரில் போட்டு அனுப்புகிறேன்" என்று சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். பழைய மருத்துவக் கருவி இறக்குமதி தனித் தலைவலி, துறைமுகத்திலேயே கிடந்து வாடகை ஏறும்.

மெஷின்தான் கொடுப்போம் என்று அடம் பிடித்தால் இப்படிச் செய்யுங்கள். ஆஸ்பத்திரி கேட்கிற மாடலை, அவர்கள் பெயரிலேயே வாங்கச் சொல்லுங்கள். பக்கத்து டவுனில் சர்வீஸ் ஆள் இருக்கிற கம்பெனியாக இருக்கட்டும். ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் (ஏஎம்சி) ஸ்டெபிலைசருக்கும் சேர்த்துப் பணம் கொடுங்கள். அந்தப் பணம் இல்லையென்றால் மெஷினும் வேண்டாம்.

ஏரிக்கரையான்:

ஸ்பேனர் அண்ணே, பதிவு விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. இதை அப்படியே குழுவில் போடுகிறேன். ஆம்புலன்ஸ்?

ஸ்பேனர்:

வண்டி வாங்குவது சுலபம். ஷிஃப்டுக்கு ஒருவராக மூன்று டிரைவர், டீசல், இன்சூரன்ஸ், டயர். யார் கொடுப்பார்கள்?

வெள்ளைத்தொப்பி:

நான் ரிட்டையர் ஆன ஸ்டாஃப் நர்ஸ். மிஷன் ஆஸ்பத்திரி, டிரஸ்ட் ஆஸ்பத்திரி என்று கிராமங்களிலேயே வேலை பார்த்தவள். நீங்கள் எல்லோரும் கணக்கு பேசுகிறீர்கள், நான் வார்டு பேசுகிறேன்.

பில் எவ்வளவு ஆகும் என்று எங்கள் ஜனம் கேட்காது. கௌரவம். "எப்போ சிஸ்டர் வீட்டுக்கு விடுவீங்க?" என்று கேட்பார்கள். முதல் நாள் ஒரு தடவை, இரண்டாம் நாள் மூன்று தடவை. அதுதான் பில்லைப் பற்றிய கேள்வி. மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கட்டில் காலியாக இருக்கும், அல்லது "எங்க சொந்தப் பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்" என்று கைநாட்டு வைக்கத் தயாராக வாசலில் நிற்பார்கள். நிமோனியா குழந்தைக்கு இன்னும் இரண்டு நாள் ஊசி போட்டாக வேண்டும், ஆனால் வீட்டில் ஆடு விற்க ஆளில்லை.

அந்த இடத்தில் ஒரு நர்சால் என்ன செய்ய முடியும் என்பது டிராயரில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நான் இருந்த ஓர் இடத்தில் ஏழை நோயாளி நிதி என்று ஒன்று இருந்தது. வார்டு சிஸ்டரே ஒரு வரம்புக்குள் முடிவெடுக்கலாம், ஆபீசுக்கு ஓட வேண்டாம். "அம்மா, இந்த ரெண்டு நாள் ஊசிக்குக் காசு கட்டியாச்சு, குழந்தையை விடுங்க" என்று சொல்ல முடிந்தது. யார் கட்டியது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. யாரோ எங்கிருந்தோ போட்ட பணம். வேறோர் இடத்தில் அந்த நிதி இல்லை. அங்கே கைநாட்டு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கிறேன்.

பாம்புக்கடி இன்னொன்று. விஷமுறிவு மருந்து முதல் தவணையே எட்டிலிருந்து பத்துக் குப்பி வரை போகும். கட்டுவிரியன் தரையில் தூங்குகிறவர்களை ராத்திரியில் கடிக்கும், கடித்த இடமே தெரியாது, காலையில் இமை தூக்க முடியாமல் வருவார்கள். அப்போது போய் மருந்து வாங்க முடியுமா? அலமாரியில் இருந்தாக வேண்டும். யாரும் கடிபடாமல் போனால் தேதி முடிந்து வீணாகும். வீணாகப் போகக் கூடிய மருந்துக்கு எந்த நன்கொடையாளர் பணம் கொடுப்பார், நீங்களே சொல்லுங்கள்.

சாப்பாடும் சொல்லிவிடுகிறேன். பிறந்தநாள், கல்யாணநாள், அப்பா திதி என்று அன்னதானம் கொடுக்க நிறையப் பேர் வருவார்கள். எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமை வேண்டும். ஒரே ஞாயிறில் இரண்டு குடும்பம் கேசரியோடு வந்து நிற்கும். செவ்வாய்க்கிழமை, கூட வந்த ஆயாவுக்குக் கஞ்சிக்கு வழி இருக்காது.

லாரிப்பட்டறை:

சிஸ்டர், நீங்கள் சொன்ன பிறகு பேச முடியவில்லை. ஆனாலும் என் சந்தேகம் தீரவில்லை. டிரஸ்ட் என்று போர்டு மாட்டி, நிர்வாகி பெரிய காரில் போகிற இடங்களும் எனக்குத் தெரியும். மாதாமாதம் கொடுத்தால் எங்கே போகிறது என்று யார் பார்ப்பது?

பேரேடு:

நியாயமான கேள்வி. கேளுங்கள், கேட்பது அவமரியாதை இல்லை. ஆடிட் செய்த வரவு செலவை மூன்று வருடத்துக்குக் காட்டச் சொல்லுங்கள். ஒழுங்கான இடம் என்றால் அரை மணி நேரத்தில் எடுத்து வைப்பார்கள். அதில் தள்ளுபடித் தொகை தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் தர்ம ஆஸ்பத்திரி என்று சொன்னால் எனக்கே சந்தேகம் வரும். வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்குச் செலவழித்தாக வேண்டும். செலவழிக்காமல் பெரிதாகச் சேர்த்து வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். மருந்து எங்கே வாங்குகிறார்கள் என்றும் பாருங்கள். வதோதராவில் 1983இல் ஆரம்பித்த லோகாஸ்ட் போன்ற, லாப நோக்கமில்லாத இடத்திலிருந்து ஜெனரிக் (பிராண்ட் பெயர் இல்லாத) மாத்திரை வரவழைக்கிற ஆஸ்பத்திரி என்றால், காசின் அருமை தெரிந்த ஆஸ்பத்திரி என்று அர்த்தம்.

வருடத்துக்கு ஒரு தரம் உங்கள் குழுவிலிருந்து இரண்டு பேர் போய் உட்கார்ந்து பேரேட்டைப் பாருங்கள். படம் எடுக்கப் போகிறவர்களைவிட பேரேடு பார்க்கப் போகிறவர்களை நல்ல நிர்வாகிகள் அதிகம் மதிப்பார்கள்.

தேயிலைக்காடு:

தாமதமாக வருகிறேன். இங்கே எல்லோரும் நன்கொடையை "மேலே இருந்து கீழே" என்று மட்டும் பேசுகிறீர்கள். எங்கள் நீலகிரி மாவட்டக் கூடலூரில் நடந்ததையும் கொஞ்சம் பாருங்கள்.

எண்பதுகளில் இங்கே ஆதிவாசிகளின் நில உரிமைக்காக அக்கார்ட் என்ற அமைப்பு வேலையைத் தொடங்கியது, ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவானது. பனியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் எல்லோரும் அதில். சுகாதார வேலை ஊர்களில்தான் முதலில் ஆரம்பித்தது, ஆஸ்பத்திரி பின்னால் 1990இல் அஸ்வினி என்ற அமைப்பின் கீழ் வந்தது. டவுன் ஆஸ்பத்திரிகளில் இவர்களை வாசலிலேயே நிறுத்திய காலம் அது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம். ஆதிவாசிப் பெண்களே நர்சாகப் பயிற்சி எடுத்து, அவரவர் மொழியிலேயே பேசியதும்தான் அந்தப் பயம் போனது.

1992இல் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் கம்பெனியோடு பேசி, சங்கத்து ஆட்களுக்குக் குழுக் காப்பீடு எடுத்தார்கள். அரசுத் திட்டங்கள் எல்லாம் வருவதற்குப் பல வருடம் முன்னால். பிரீமியத்தில் ஒரு பங்கு ஜனங்கள் கட்டினார்கள், மிச்சம் நன்கொடையிலிருந்து போனது. ஜனங்கள் கட்டியது சின்னத் தொகைதான். ஆனால் கட்டியவர் ஆஸ்பத்திரிக்குள் வரும்போது நடையே வேறு. "எங்க ஆஸ்பத்திரி" என்று சொல்லிக்கொண்டு வருவார், டாக்டரிடம் சண்டையும் போடுவார்.

ஏரிக்கரையான் குழுவின் பணத்தில் ஒரு பகுதியை இப்படி யோசிக்கலாம். ஊரில் உள்ள வயதானவர்கள் ஆளுக்கு ஏதோ நூறு இருநூறு கட்டட்டும், வெளியூரில் இருக்கும் நீங்கள் மிச்சத்தைப் போடுங்கள், வருடம் முழுக்க சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை தடையில்லாமல் போகட்டும். ஆஸ்பத்திரியோடு பேசித்தான் தொகை முடிவு செய்ய வேண்டும்.

கல்வெட்டுக்கிறுக்கன்:

இந்த விவாதம் புதிது இல்லை ஐயா. காஞ்சிபுரம் பக்கம், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் பெருமாள் கோயில் இருக்கிறது. அங்கே வீரராஜேந்திர சோழன் காலத்து, பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று. கோயிலை ஒட்டி வேதம் படிக்கும் மாணவர்களுக்கு விடுதி, அவர்களுக்கும் கோயில் ஊழியர்களுக்கும் 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, அதாவது ஆஸ்பத்திரி. வீரசோழன் என்று பெயர்.

கட்டடத்தைப் பற்றி அதில் பெருமையடிக்கவில்லை. வருடச் செலவுதான் வரி வரியாக இருக்கிறது. வைத்தியருக்கு இவ்வளவு நெல், இவ்வளவு காசு. அறுவை செய்பவருக்கு இவ்வளவு. மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், நாவிதர், தண்ணீர் எடுத்து வைப்பவர், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக. நோயாளிக்கு அரிசி, இரவு விளக்குக்கு எண்ணெய். இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என்று இருபது சொச்சம் பெயர்கள்.

உங்கள் குழுவில் "சம்பளம் கொடுக்கவா வசூல் பண்ணினோம்" என்று கேட்டவருக்கு இதை அனுப்புங்கள். கல்லில் வெட்டுகிற ஆசை இருந்தால் இந்த மாதிரி வெட்டலாம்.

கட்டடமே கூடாது என்று சொல்ல வரவில்லை. வேலூரில் மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒற்றை அறை மருந்தகமாக ஆரம்பித்தது, ஷெல் என்ற அமெரிக்கர் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் 1902இல் நாற்பது படுக்கை ஆஸ்பத்திரி ஆனது. அந்தப் பணம் இல்லாவிட்டால் இன்றைய வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி இல்லை. ஆனால் அங்கே கட்டடத்தை நிரப்ப ஐடா இருந்தார். நம் ஊரில் கட்டடம் கொடுப்பவர்களுக்குப் பஞ்சமில்லை.

லாரிப்பட்டறை:

ஐயா, கோயில் டியூப்லைட்டில் "உபயம்" என்று கருப்புப் பெயின்டில் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற ஜனம் நாம். நெல் கணக்கெல்லாம் வெட்ட மாட்டோம்.

கல்வெட்டுக்கிறுக்கன்:

:) அதுவும் சரி.

ஜூரோங்வாசி:

நானும் இப்படி ஓர் ஊர்க் குழுவில் இருக்கிறேன். என்னைப் போல் வெளிநாட்டில் இருப்பவர்கள் பணம் அனுப்புவதில் ஏதோ சிக்கல் என்று சொல்கிறார்களே? நான் இந்திய பாஸ்போர்ட். என் மனைவி சிங்கப்பூர் குடியுரிமை.

பேரேடு:

உங்கள் பணத்துக்குச் சிக்கல் இல்லை. இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தப் பணத்தை பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை ஆஸ்பத்திரி கேட்டால் கொடுத்துவிடுங்கள். உங்கள் மனைவி கொடுத்தால், அவர் தமிழச்சியாகவே இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குக் கொடுக்கும் ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க ஆஸ்பத்திரிக்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு வேண்டும். பதிவு இருந்தாலும் 2020 திருத்தத்துக்குப் பிறகு டெல்லியில் உள்ள ஒரே ஸ்டேட் பேங்க் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் போக வேண்டும். ஒரு பதிவு பெற்ற அமைப்பு வாங்கி இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதே திருத்தத்தோடு நின்றுவிட்டது. இப்படிப் பெரிய அமைப்புகளை நம்பியிருந்த சின்ன ஆஸ்பத்திரிகள் பல அப்போது அடி வாங்கின. அதனால்தான் இப்போது உள்ளூர்ப் பணத்தின் மதிப்பு இன்னும் கூடியிருக்கிறது.

ஏரிக்கரையான் தம்பி, அந்த ஆறு லட்சம் இப்போது யார் கணக்கில் இருக்கிறது?

ஏரிக்கரையான்:

குழுப் பொருளாளர் அண்ணனின் சேமிப்புக் கணக்கில். ஏன்?

பேரேடு:

அய்யய்யோ. அவர் ஒரே செக்காகக் கொடுத்தால் வரிச் சலுகைக்கான சான்றிதழ் அவர் பெயரில் மட்டும்தான் வரும். நன்கொடைக்கு வரிச் சலுகை தரும் பதிவு (80ஜி என்பார்கள்) உள்ள இடம் என்றால், பொதுவாகக் கொடுத்த தொகையில் பாதியை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அதுவும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும். புது முறைக்கு மாறியவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. ஆஸ்பத்திரி ஒவ்வொரு நன்கொடையாளரின் பேன் எண்ணையும் வருமான வரித் தளத்தில் ஏற்றி, அங்கிருந்து நன்கொடைச் சான்றிதழ் எடுத்துத் தர வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் யாராவது போட்ட பணமும் அதில் கலந்திருந்தால் பொருளாளர் கணக்கு வழியாகப் போனதால் அது உள்ளூர்ப் பணம் ஆகிவிடாது. ஆஸ்பத்திரியைத்தான் வம்பில் மாட்டிவிடுவீர்கள். யார் யார் எவ்வளவு என்று பட்டியல் எடுத்து, அவரவருக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, அவரவரே நேராக ஆஸ்பத்திரி கணக்குக்குப் போடச் சொல்லுங்கள்.

வெள்ளைத்தொப்பி:

திருப்பி அனுப்பினால் பாதிப் பணம் திரும்பி வராது தம்பி. அதையும் யோசித்துக்கொள்.

ஏரிக்கரையான்:

சிஸ்டர் அம்மா சொல்வதுதான் எனக்கும் பயம். 

இதுவரை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பேனர் அண்ணன் எழுதியதைப் போட்டதும் ஸ்கேன் கோஷ்டி அடங்கிவிட்டது. மேனேஜரிடம் விசாரித்தேன், மெஷின் ஏற்கெனவே இருக்கிறதாம், முறையாகப் பதிவும் செய்திருக்கிறார்களாம். ஸ்கேன் பார்க்கும் டாக்டர்தான் வாரத்தில் ஒரு நாள் வருகிறார். ஆம்புலன்ஸ் கோஷ்டியில் மூன்று பேர் கோபித்துக்கொண்டு குழுவை விட்டுப் போய்விட்டார்கள், ஒருவர் என் சித்தப்பா மகன். மாதாமாதம் கொடுக்க இதுவரை இருபத்தைந்து பேர் சம்மதம். ஏழை நோயாளி நிதிக்கு முதலில் ஒரு பங்கு, வயதானவர்கள் மாத்திரைக்கு ஒரு பங்கு, மிச்சம் ஆஸ்பத்திரி இஷ்டம் என்று பேச்சு. வாத்தியார் திருமுக்கூடல் கல்வெட்டைப் படித்துவிட்டு, "அப்போ நம்ம பேரையும் எத்தனை கலம் நெல்லுன்னு போட்டு எழுதுங்கடா" என்கிறார். தகடு வேண்டும் என்ற ஆசை அவருக்கு இன்னும் போகவில்லை.

பேரேடு:

ரிசப்ஷனில் ஒரு கரும்பலகை வாங்கிக் கொடுங்கள். இந்த மாதம் எத்தனை பேருக்கு எவ்வளவு தள்ளுபடி என்று சாக்பீசில் எழுதட்டும், கீழே உங்கள் ஊர்ப் பெயர். வாத்தியாருக்கு அது போதும்.

ஏரிக்கரையான்:

அது நல்ல யோசனை. கேட்டுப் பார்க்கிறேன். பணத்தைத் திருப்பி அனுப்பும் விஷயத்தை இன்றிரவு குழுவில் போடுகிறேன். பொருளாளர் அண்ணன் அதை மூன்று மாத டெபாசிட்டில் போட்டு வைத்திருப்பதாக இப்போதுதான் சொல்கிறார்.

லாரிப்பட்டறை:

வட்டி யாருக்காம்?